தெரிந்தவர்கள்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் அறிவிக்கப்படும் நாளில் எல்லாச் செய்திகளிலும் ஒரே மாதிரிப் படம்தான் வரும். பல்கலைக்கழகத்தின் நிறத்தில் டை, கையில் புதுத் தொப்பி, பக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும். படத்தில் வராதவர்கள் ஒரு பத்துப் பேர் இருப்பார்கள். பழைய கோச்சிடம் வேலை பார்த்த துணைப் பயிற்சியாளர்கள். வீட்டை விற்க வேண்டுமா, பிள்ளையை நடு வருடத்தில் பள்ளி மாற்ற வேண்டுமா என்று அவர்கள் வீடுகளில் அன்று இரவே பேச்சு தொடங்கிவிடும். வேறொரு ஊரில் இன்னொரு பத்துப் பேர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புதியவருடைய பழைய ஆட்கள். 'நம்மளையும் கூட்டிட்டுப் போவாரா?'

அதிகாரம் கைக்கு வந்த முதல் வாரத்தில் ஒருவர் யாரைக் கூப்பிட வேண்டும்? தன்னோடு கஷ்டப்பட்டவர்களையா, இருப்பதிலேயே திறமையானவர்களையா, ஏற்கனவே அங்கே இருப்பவர்களையா? மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. அதனால்தான் இது எனக்கு விளையாட்டுச் செய்தியாகத் தெரியாமல் அறக்கேள்வியாகத் தெரிகிறது.

இந்த ஆட்டம் எனக்கு அறிமுகமானது வேலை வழியாக. ஆன்சைட்டில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே இலையுதிர் காலத்துச் சனிக்கிழமையில் கல்யாணம் வைப்பதற்குக்கூட யோசிப்பார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம், அதுவும் ஒரு கல்லூரி அணிக்கு. கால்பந்து என்று எழுதுகிறேனே தவிர, இது நாம் பார்க்கும் ஃபுட்பால் கிடையாது. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோள்கவசம். பந்து நம்மிடம் இருக்கும்போது ஆட ஒரு பதினொரு பேர், எதிரியிடம் இருக்கும்போது தடுக்க வேறு பதினொரு பேர். தாக்குதல் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர், தடுப்புப் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர், அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பயிற்சியாளர். களத்தில் பயிற்சி தரும் துணைப் பயிற்சியாளர்கள் ஒன்பது பேர்தான் இருக்கலாம் என்று விதி இருந்தது. 2018-ல் அதைப் பத்து ஆக்கினார்கள். 2024-ல் அந்தக் கட்டுப்பாட்டையே தளர்த்தி, அணியின் மற்ற ஊழியர்களும் பயிற்சி தரலாம் என்றார்கள்.

பணம் கொஞ்சநஞ்சம் இல்லை. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களில் முதலிடம் கவர்னருக்குக் கிடையாது, பல்கலைக்கழகக் கால்பந்துக் கோச்சுக்குத்தான். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே நீக்கியது. அதற்காக அவருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். தலைவருக்கு இப்படி ஒரு மெத்தை இருக்கிறது. அவரோடு சேர்ந்து வேலை போகிறவர்களுக்கு அந்த அளவு மெத்தை கிடையாது.

*

தன் ஆட்களையே கூட்டி வருவதை நாம் உடனே வேண்டியவர்களுக்குச் செய்யும் சலுகை என்று சொல்லிவிடுவோம். நம் ஊரில் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தரப்பின் நியாயத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு நகர்வு முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடிதான் கடிகாரம் ஓடும். அதற்குள் மேலே பெட்டியில் இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்லி, அவர் ஆட்டக்காரர்களுக்குக் கடத்தி, அவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். நகர்வுகளுக்கு எல்லாம் சங்கேதப் பெயர்கள். ஐந்து வருடம் கூட வேலை பார்த்தவருக்குப் பாதிச் சொல்லிலேயே புரியும். இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்து, கஸ்டமர் லைனில் காத்திருக்கும்போது யாரைப் போனில் கூப்பிடுவோம்? ரெஸ்யூமே நன்றாக இருப்பவரையா? போன தடவை விழுந்தபோது கூட இருந்தவரைத்தான் கூப்பிடுவோம். பழகியவர்மேல் வரும் நம்பிக்கை ஒருவகை அறிவு. இன்டர்வியூவில் கிடைக்காத அறிவு அது.

இரண்டாவது நியாயம் இன்னும் கனமானது. துணைப் பயிற்சியாளரின் வாழ்க்கை பெரும்பாலும் உதவித்தொகை வாங்கும் பட்டதாரி உதவியாளராகத்தான் தொடங்கும். நள்ளிரவு வரை ஆட்டப் படங்களை வெட்டி ஒட்டுவது, விடியற்காலையில் ஜிம்மைத் திறப்பது. அங்கிருந்து படிப்படியாக மேலே வந்தாலும் ஒரு மோசமான சீசன் போதும், தலைவர் போவார், கூடவே எல்லாரும் போவார்கள். தன் தடுப்பு வரிசை பிரமாதமாக ஆடியிருந்தாலும் தாக்குதல் பிரிவின் தோல்விக்காக வேலை போகும். இப்படிப்பட்ட தொழிலில் ஒருவருக்கு இருக்கும் ஒரே ப்ராவிடன்ட் ஃபண்ட், தான் உழைத்தது யாரோ ஒருவர் நினைவில் இருக்கிறது என்பதுதான். மேலே போனவர் அந்த நினைவை மறந்துவிட்டால் சேமிப்பு மொத்தமும் போச்சு. ஆகவே தன் பழைய ஆட்களைக் கூப்பிடுகிறவர் கடனைத் திருப்பித் தருகிறார் என்றும் சொல்லலாம்.

இவ்வளவும் உண்மைதான். ஆனால் இதற்குள் கேட்கப்படாத ஒரு கேள்வி இருக்கிறது. பழக்கத்தால் நம்பிக்கை வருகிறது, சரி. பழகும் தூரத்தில் யார் நிற்க முடிந்தது?

தென்கிழக்கு மாநாடு என்று ஒரு பெரிய லீக், அலபாமாவும் ஜார்ஜியாவும் ஆடுவது. 1932-ல் தொடங்கியது. அதில் ஒரு கறுப்பினத்தவர் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் ஆக 2003 டிசம்பர் வரை ஆனது. மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் சில்வெஸ்டர் குரூமை எடுத்தது. அவர் அலபாமாவில் ஆடியவர், அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்தவர், பிறகு தொழில்முறை லீக்கில் வேலை பார்த்தவர். கால் நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம். அதே 2003-ல் அலபாமாவின் தலைமைப் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. பதவி வேறொருவருக்குப் போனது. அத்தனை வருடமும் அந்த லீக்கில் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் வெறுப்போடு தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுத்தாலே போதும், இந்த முடிவு தானாக வந்துவிடும். யாருமே கெட்டவராக இல்லாமல் ஒரு அநியாயம் எழுபது வருடம் நடக்கலாம்.

*

நான் வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில், ஒரு கம்பெனியில் எங்கள் பிரிவுக்கு வெளியிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். ஆறு மாதத்துக்குள் அவருடைய பழைய கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள். திறமையானவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. டெஸ்டிங் டீமுக்குப் பதினோரு வருடமாக லீடாக இருந்த ஒரு அக்காவை வேறு ப்ராஜெக்ட்டுக்கு மாற்றி, கொஞ்ச நாளில் அதுவும் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் கடைசி நாளில் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே சொன்னது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

"அவரு தன்னோட ஆளுங்களக் கூட்டிட்டு வர்றாரு, அதுல தப்பே இல்ல தம்பி. நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். ஆனா ஒரே ஒரு தடவ என்னக் கூப்பிட்டு 'நீங்க என்ன பண்றீங்க'ன்னு கேட்டிருக்கலாம்ல?"

அவர் வேலை போனதைப் பற்றிக்கூட அந்த அளவு வருத்தப்படவில்லை. தன்னை யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் அவருடைய புகார். பதினோரு வருட வேலையை ஒருவர் எடைபோட்டுப் பார்த்து 'போதாது' என்று சொன்னால் அது தீர்ப்பு. தவறான தீர்ப்பாகக்கூட இருக்கலாம், எதிர்த்து வாதாடலாம். எடையே போடாமல் அனுப்பினால் வாதாட ஒன்றும் இல்லை. அந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை நான் வேறு மாதிரிதான் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வருபவர் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பது இரண்டாவது. பார்த்துத் தேர்ந்தெடுத்தாரா என்பது முதலாவது.

பார்க்காமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு. அன்னியர் என்பதால் பார்க்காமல் விடுவது ஒன்று. நம்மவர் என்பதால் பார்க்காமல் விடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு அயோவாவை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கிர்க் ஃபெரன்ட்ஸ் 1999 சீசனிலிருந்து அயோவா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். மதிக்கப்படும் மனிதர். 2012-ல் அவர் மகன் பிரையன் துணைப் பயிற்சியாளராக வந்தார், 2017-ல் தாக்குதல் பிரிவின் பொறுப்பாளர் ஆனார். உறவினருக்குக் கீழே உறவினர் வேலை பார்க்கக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் விதி இருந்தது. எனவே காகிதத்தில் மகன் அப்பாவுக்குக் கீழே இல்லை, விளையாட்டுத் துறை இயக்குநருக்குக் கீழே. களத்தில் அப்பாதான் தலைவர். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மாதிரி ஏற்பாடு எப்படி நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

2022-ல் அயோவாவின் தடுப்புப் பிரிவு நாட்டின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. தாக்குதல் பிரிவு, மொத்தம் 131 அணிகளில், எடுத்த கஜக்கணக்கில் 130-வது. 2023 பிப்ரவரியில் மகனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளம் 50,000 டாலர் குறைந்து 8,50,000 ஆனது. அணி சராசரியாக ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுக்க வேண்டும், குறைந்தது ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று நிபந்தனை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாடு முழுக்க மகனின் புள்ளிகளை எண்ணிச் சிரித்தது. கடைசியில் அக்டோபர் 30 அன்று, தற்காலிக இயக்குநராக இருந்த பெத் கோட்ஸ், சீசன் முடிந்ததும் பிரையன் தொடரமாட்டார் என்று அறிவித்தார். அந்த வருடம் அயோவா பத்து ஆட்டம் ஜெயித்தது. ஜெயிக்க வைத்தது பெரும்பாலும் தடுப்புப் பிரிவு. சராசரி 15.4 புள்ளி. அடுத்த வருடம் வெளியிலிருந்து டிம் லெஸ்டர் என்பவர் பொறுப்புக்கு வந்தார், சராசரி 25-க்கு மேல் போனது.

அப்பா மகனை நேசித்தது குற்றமா? இல்லை. பிரையன் தகுதியே இல்லாதவரும் கிடையாது, தொழில்முறை அணியில் வேலை பார்த்து வந்தவர்தான். இங்கே என்னை உறுத்துவது செலவுக் கணக்கு. கல்லூரி ஆட்டக்காரனுக்கு இருப்பது நாலு வருடம். தலைவருக்கு இருபது, முப்பது வருடம் கிடைக்கலாம். 'இன்னும் ஒரு சீசன் பார்ப்போம்' என்று தன் மகனுக்காக ஒருவர் சொல்லும்போது, அந்த ஒரு சீசன் யாரோ ஒரு பையனுக்குக் கையில் இருப்பதில் கால்வாசி. விசுவாசம் நல்ல குணம்தான். அதன் பில்லை யார் கட்டுகிறார்கள் என்று கேட்காதவரைக்கும் மிக நல்ல குணம். இன்னொன்றும் உண்டு, கடைசியில் மகனும் அந்தப் பில்லைக் கட்டினார். வெளி ஆளாக இருந்திருந்தால் ஒரு வருடம் முன்பே அமைதியாகப் போயிருப்பார். மகன் என்பதால் நாடே பார்க்க ஒவ்வொரு வாரமும் எடைபோடப்பட்டார்.

*

மூடிய வட்டத்தின் விலை சில சமயம் புள்ளிகளில் முடிவதில்லை. பென் ஸ்டேட்டில் ஜோ பாட்டர்னோ 1966 முதல் தலைமைப் பயிற்சியாளர். அவருடைய உதவியாளர்கள் பத்து, இருபது, முப்பது வருடம் அவரோடேயே இருந்தார்கள். நாடே அதைப் பெருமையாகச் சொன்னது. அவர்களில் ஒருவர் ஜெரி சாண்டஸ்கி, 1999 வரை அங்கே இருந்தவர். 2011 நவம்பரில் சிறுவர்கள் மீதான பாலியல் குற்றங்களுக்காகக் கைதானார். 2012-ல் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. அதில் ஒரு சம்பவத்தை 2001-ல் ஒரு இளம் பட்டதாரி உதவியாளர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் போய்ச் சொன்னது தலைமைப் பயிற்சியாளரிடம். தலைமைப் பயிற்சியாளர் சொன்னது மேலதிகாரிகளிடம். போலீசுக்குப் போகவில்லை. உயரதிகாரிகள் மறைத்தார்கள் என்று பல்கலைக்கழகம் அமர்த்திய விசாரணை சொன்னது, பாட்டர்னோ குடும்பம் அதை மறுத்தது.

அந்த இளைஞர் மனதில் என்ன இருந்தது என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. அமைப்பைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். ஒரு அலுவலகத்தில் எல்லாருடைய சோறும் ஒரே மனிதரின் நல்லெண்ணத்தில் இருந்து வந்தால், அங்கே எந்தக் கெட்ட செய்தியும் அந்த மனிதரைத் தாண்டி வெளியே போகக் கஷ்டப்படும். கோட் எழுதியவரே அதை அப்ரூவ் செய்யக்கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு விதி வைத்திருக்கிறோம். எழுதியவர் திருடர் என்பதால் இல்லை. தன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பதால். நாம் வளர்த்துவிட்ட பத்துப் பேரும் பல சமயம் நம் கண்கள்தான்.

பாட்டர்னோ நீக்கப்பட்ட பிறகு 2012 ஜனவரியில் பில் ஓபிரையன் அங்கே வந்தார். அப்போது அவர் தொழில்முறை லீக்கில் நியூ இங்கிலாந்து அணியில் இருந்தார், பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் வரைக்கும் அங்கேயும் வேலை பார்த்தார். இவ்வளவு நெருக்கடியில் வருபவருக்கு எளிதான வழி, பழைய ஆட்கள் எல்லாரையும் ஒரேயடியாகத் துடைத்துவிடுவது. யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், கை தட்டியிருப்பார்கள். அவர் பெரும்பாலும் புதியவர்களைத்தான் எடுத்தார். பழையவர்களில் இருவரை வைத்துக்கொண்டார். ரான் வாண்டர்லிண்டன் ஒருவர். தடுப்பு வரிசைப் பயிற்சியாளர் லாரி ஜான்சன் இன்னொருவர்.

ஜான்சன் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்தவர், 1996-ல் பென் ஸ்டேட்டுக்கு வந்தவர். 2014-ல் ஓபிரையன் போனபோது தலைமைப் பதவிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டில் அர்பன் மேயரிடம் சேர்ந்தார். ஜோயி போசா, நிக் போசா, சேஸ் யங் என்று அவரிடம் பயின்றவர்கள் தொழில்முறை லீக்கின் முதல் வரிசைக்குப் போனார்கள். 2019-ல் மேயர் விலகி, அவருடைய உதவியாளராக இருந்த ரயன் டே தலைவர் ஆனார். டே தடுப்புப் பிரிவின் பயிற்சியாளர்களை மொத்தமாக மாற்றினார். பரம எதிரியான மிச்சிகனிலிருந்துகூட இருவரைக் கொண்டு வந்தார். அந்தப் பிரிவில் பழையவர்களில் மிஞ்சியவர் ஜான்சன் ஒருவர்தான். 2020 டிசம்பர் 5 அன்று டேவுக்குக் கொரோனா வந்திருந்ததால், மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அணியை ஜான்சன் நடத்தினார். 52-12 என்று வெற்றி. ஒஹாயோ ஸ்டேட் அணியை ஆட்டத்தில் வழிநடத்திய முதல் கறுப்பினத்தவர் அவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஒரே ஒரு சனிக்கிழமை.

இந்தக் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு மனிதரை வெவ்வேறு தலைவர்கள், அவருக்கு எந்தக் கடனும் படாதவர்கள், வேலையைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். அதே மனிதரைத் தலைவராக ஒரு இடமும் நிரந்தரமாகப் பார்க்கவில்லை.

*

'பார்க்க நேரம் எங்க இருக்கு?' என்று நியாயமாகவே கேட்கலாம். நவம்பர் கடைசியில், டிசம்பரில்தான் பெரும்பாலான கோச்கள் மாறுகிறார்கள். அதே டிசம்பரில்தான் பள்ளி மாணவர்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடுவது என்று கையெழுத்துப் போடுகிறார்கள். இருக்கும் ஆட்டக்காரர்களையும் வேறு அணிகள் இழுக்கும். அவசரத்தில் மனிதன் போனில் மேலே இருக்கும் எண்ணைத்தான் அழுத்துவான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்துப் பேரிடம் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினால் பத்து மணி நேரம்தான். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவரிடம் அதைக் கேட்பது பேராசை இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. பார்ப்பதும் சடங்காகிவிடும். தொழில்முறை லீக்கில் 2003-லேயே ஒரு விதி கொண்டுவந்தார்கள், தலைமைப் பதவி காலியானால் சிறுபான்மையினரில் ஒருவரையாவது இன்டர்வியூ செய்ய வேண்டும் என்று. 2022-ல் பிரையன் புளோரஸ் என்ற பயிற்சியாளர், தன்னை ஏற்கனவே முடிவு செய்துவிட்டுப் பெயருக்குக் கூப்பிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். லீக் மறுத்தது. ஐநூறு வரி கோடை இரண்டு நிமிடத்தில் 'பார்த்துட்டேன், ஓகே' என்று அப்ரூவ் செய்யும் சீனியரை நம் எல்லாருக்கும் தெரியும். பார்ப்பது என்றால் மனம் மாறுவதற்குத் தயாராக உட்காருவது. அதை விதி போட்டு வரவழைக்க முடியாது. விதி ஒரு நாற்காலியைப் போடவைக்கும், அவ்வளவுதான். எதிரே உட்காருகிறவரின் மனம் அவரவர் பொறுப்பு.

தமிழில் 'தெரிந்தவர்' என்றால் பழக்கமானவர். 'தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?' என்று கேட்காமல் நாம் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போவதில்லை. அதே சொல்லுக்குப் பழைய பொருள் வேறு. ஆராய்ந்து தேர்வது. திருக்குறளின் பொருட்பாலில் 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல். யாரை நம்புவது, யாருக்கு எந்த வேலையைத் தருவது என்பதைப் பற்றியவை. 51-ல் அடுத்தடுத்து வரும் இரண்டு குறள்கள் என்னை எப்போதும் நிறுத்தும். சுற்றம் இல்லாதவரை நம்பாதே, பழிக்கு வெட்கப்பட அவருக்குக் காரணமில்லை என்கிறது ஒன்று. அன்பை மட்டுமே பற்றுக்கோடாகக் கொண்டு, அறிய வேண்டியதை அறியாதவரைத் தேர்ந்தால் எல்லா மடமையும் வந்து சேரும் என்கிறது அடுத்தது. உறவின் பக்கம் ஒன்று, உறவுக்கு எதிராக ஒன்று. வள்ளுவர் ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

வாசகர்களில் பலர் முப்பது வயதுக்குள் நாலைந்து பேருக்கு லீட் ஆகிவிடுவீர்கள். அன்று உங்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கும், கூட்டி வர வேண்டியவர்கள், கடன்பட்டிருப்பவர்கள். கூட்டி வாருங்கள். அது பாவம் இல்லை. அதற்கு முன்னால், ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவரோடும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உங்கள் ஆட்களைப் பற்றியும் அதே ஒரு மணி நேரம், அதே கேள்விகளோடு, தனியாக யோசியுங்கள். இதனால் எல்லாரும் காப்பாற்றப்பட மாட்டார்கள். பார்த்த பிறகும் சிலரை அனுப்பத்தான் வேண்டியிருக்கும், அவர்கள் வீட்டிலும் அன்று இரவு அதே பேச்சு நடக்கும். அவர்களுக்கு நீங்கள் தர முடிந்தது காரணம் மட்டும்தான். அதையாவது தர முடிய வேண்டும்.

குறளில் சுற்றத்தாரை அணைத்துக்கொள்வதற்கும் தனி அதிகாரம் இருக்கிறது, சுற்றந்தழால். அது 53-வது. தெரிந்து என்று தொடங்கும் இரண்டு அதிகாரங்களும் முடிந்த பிறகுதான் வருகிறது.